சிந்தசைசரைப் பதிவு செய்யும்போது தாளம் ஏன் நழுவுகிறது?

கிளிக் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சிந்தசைசரில் ஒரு பேஸ் வரியை வாசிக்கிறீர்கள். வாசிக்கும்போது தாளத்தில்தான் இருந்தது. விரலுக்கே அது தெரியும். பதிவை மறுபடி போட்டுக் கேட்டால் ஒவ்வொரு நோட்டும் டிரம்ஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அலைவடிவம் தாளக்கோட்டைத் தாண்டித்தான் தொடங்குகிறது. இந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கணினி ஒலியைச் சேர்த்து வாங்கும் இடமான பஃபரின் அளவைக் குறைப்பார்கள். சில நேரம் அதில் சரியாகிவிடும். பல நேரம் தாமதம் அப்படியே இருக்க, கூடவே ஒலியில் வெடிப்பும் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

லேட்டன்சி, அதாவது தாமதம், என்று நாம் புலம்புவதில் உண்மையில் மூன்று தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. கீயை அழுத்தினால் ஹெட்ஃபோனில் சத்தம் பிந்தி வருவது ஒன்று. கேட்கும்போது சரியாக இருந்தும், பதிவான கிளிப் தவறான இடத்தில் போய் உட்காருவது இன்னொன்று. வாத்தியங்களுக்குக் கட்டளை அனுப்பும் மிடி வழியாகக் கணினி நோட்டுகளை அனுப்பி சிந்தசைசரை (சுருக்கமாக சிந்த்) வாசிக்க வைக்கும்போது, அது பிந்துவது அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் தடுமாறுவது மூன்றாவது. பஃபரைக் குறைப்பது முதல் புகாருக்கான மருந்து. இரண்டாவதற்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. மூன்றாவதில் அதற்குச் சிறு பங்கு உண்டு, அவ்வளவுதான்.

எந்த அமைப்பிலும் கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவா, மாறிக்கொண்டே இருக்கிறதா? எப்போதும் 12 மில்லிநொடி என்றால் பயமே இல்லை. 12-ஐக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு நோட் 4, அடுத்தது 15, அதற்கடுத்தது 7 என்று அலைந்தால் அதற்குப் பெயர் ஜிட்டர். கிளிப்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது தீராது. காரணத்தைத் தேடிப் பிடித்தாக வேண்டும். மொத்த நேரத்தையும் வீணாக்குவது, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான்.

பஃபர் என்ன செய்கிறது

ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு நொடி ஒலியை 44,100 அல்லது 48,000 சாம்பிள்களாக அளந்து கணினிக்கு அனுப்புகிறது. கணினி அவற்றை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டு போவதைப் போல, மொத்தமாகச் சேர்த்து வாங்குகிறது. அந்த வாளிதான் பஃபர். 48,000 சாம்பிள் ரேட்டில் 256 சாம்பிள் கொண்ட வாளி நிறைய 5.3 மில்லிநொடி ஆகும். 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. வாளி சிறிதானால் கணினி அடிக்கடி ஓடி வர வேண்டும்; ஒரு முறை நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அதுதான் உங்களுக்கு ‘டிக்’ என்ற வெடிப்பாகக் கேட்கிறது.

உள்ளே வருவதற்கு ஒரு வாளி, வெளியே போவதற்கு ஒரு வாளி. ஆகவே 256-ல் வைத்தால் போய்வர 10.7 மில்லிநொடி. ஆனால் கணக்கு அத்தோடு நிற்பதில்லை. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகளுக்கும் சிறிது நேரம் வேண்டும். இன்டர்ஃபேஸையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் தன் பாதுகாப்புக்காக மறைவாகச் சில சாம்பிள்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரே பஃபர் எண்ணில் வைத்த இரண்டு இன்டர்ஃபேஸ்கள் வெவ்வேறு தாமதம் காட்டுவதற்கு இந்த மறைவான பகுதிதான் காரணம்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களே தரும் ஏசியோ டிரைவரைத்தான் போட வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த இந்த முறை, இயங்குதளத்தின் பொது ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராக வன்பொருளிடம் பேசுகிறது. மேக்கில் கோர் ஆடியோ இருப்பதால் இந்தக் கவலை குறைவு. லினக்ஸில் ஜாக் இருக்கிறது.

எத்தனை மில்லிநொடி வரை பொறுக்கலாம்? ஆளுக்கும் ஒலிக்கும் ஏற்ப மாறும். மெதுவாக எழும் பேட் ஒலியில் 20 மில்லிநொடி தாமதம் கவனத்துக்கே வராது; கூர்மையான தாள ஒலியில் அதுவே விரலைத் தடுக்கும். பொதுவாகக் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு 10-க்குள் இருந்தால் தொல்லை இல்லை. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகிறது. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் காதுக்கு வரவே 6 மில்லிநொடி ஆகிவிடும். 3 மில்லிநொடிக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள் நாற்காலியை ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் அருகே இழுத்துப் போட்டாலே போதும்.

வெளியே பிறக்கும் ஒலிக்கு வெளியிலேயே காது கொடுங்கள்

சிந்தைப் பதிவு செய்யப் பஃபரைக் குறைத்தே தீர வேண்டும் என்ற எண்ணம், மென்பொருள் வாத்தியங்களிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். மென்பொருள் சிந்தில் ஒலி கணினிக்குள் பிறக்கிறது. அது வெளியே வர வாளியில் ஏறித்தான் ஆக வேண்டும். வன்பொருள் சிந்திலோ ஒலி வெளியிலேயே பிறந்துவிடுகிறது. அதைக் கணினிக்குள் அனுப்பி, திரும்ப வெளியே வாங்கிக் கேட்க வேண்டிய கட்டாயம் என்ன?

பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்றொரு பொத்தானோ, உள்ளீட்டையும் கணினி ஒலியையும் கலக்கும் திருகோ இருக்கும். அதைப் பயன்படுத்தினால் சிந்தின் ஒலி கணினிக்குள் போகாமலேயே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். சிறு மிக்ஸர் இருந்தால் அதிலும் இதையே செய்யலாம். பிறகு பஃபர் 1024-ல் இருந்தாலும் உங்கள் விரலுக்கு அது தெரியப்போவதில்லை. கணினியும் நிம்மதியாக வேலை செய்யும்.

ஒரே நிபந்தனை: பதிவு மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை, அதாவது உள்ளே வரும் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை, அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேரடி ஒலியும், கணினி வழியாகச் சுற்றி வந்த ஒலியும் சேர்ந்து கேட்கும். இரண்டுக்கும் 5 மில்லிநொடி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஒலி வெறுமையாகி, தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். ‘என் சிந்த் பதிவில் மெலிந்து கேட்கிறது’ என்று ஈக்யூவைத் திருகிக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான். பதிவான கோப்பில் இந்த மெலிவு இருக்காது. வாசிக்கும்போது கேட்பதில் மட்டுமே இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நேரடியாகக் கேட்டால் ரிவெர்ப் இல்லாமல் வறட்சியாக இருக்கிறது என்கிறீர்களா? மென்பொருளிலிருந்து ரிவெர்பின் எதிரொலிப் பகுதியை மட்டும் அனுப்புங்கள், மூல ஒலி டைரக்ட் மானிட்டரில் வரட்டும். ரிவெர்ப் 15 மில்லிநொடி பிந்தி வந்தாலும் கெட்டுப்போவதில்லை; கொஞ்சம் பெரிய அறையில் வாசிப்பதாகத் தோன்றும், அவ்வளவே. ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதில் வழக்கமாக நூறு மில்லிநொடிக்கு மேல் போய்விடும், எந்த அமைப்பாலும் அதை மீட்க முடியாது.

கிளிப் தவறான இடத்தில் உட்கார்ந்தால்

இப்போது இரண்டாவது புகார். நீங்கள் கிளிக்கைக் கேட்கும்போதே அது ஒரு வாளி தாமதமாகத்தான் உங்களை எட்டியது. அதற்கு ஏற்றபடி நீங்கள் வாசித்த ஒலி இன்னொரு வாளி தாமதமாக உள்ளே போகிறது. மென்பொருளுக்கு இது தெரியும். டிரைவர் ‘என்னிடம் உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு தாமதம்’ என்று ஒரு எண்ணைச் சொல்லும். மென்பொருள் அந்த அளவுக்குக் கிளிப்பை முன்னால் இழுத்து வைக்கும். பஃபர் பெரிதானால் இழுக்கும் அளவும் பெரிதாகும். பதிவின் இடம் பஃபரைப் பொறுத்ததல்ல என்று முதலில் சொன்னது இதனால்தான்.

டிரைவர் உண்மையைச் சொல்லும்வரை இந்த ஏற்பாடு கச்சிதம். பல டிரைவர்கள் சில்லுகளின் நேரத்தையோ மறைவான சேமிப்பையோ கணக்கில் சேர்ப்பதில்லை. எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, ஒரு கேபிள் இருந்தால் அளந்துவிடலாம். இதற்கு லூப்பேக் சோதனை என்று பெயர்.

புதிய புராஜெக்டில் ஒரு ஆடியோ டிராக் போட்டு, அதில் கூர்மையான கிளிக் ஒலி ஒன்றைச் சரியாக ஒரு தாளக்கோட்டின் மேல் வையுங்கள். அந்த டிராக்கை இன்டர்ஃபேஸின் உபயோகத்தில் இல்லாத ஒரு வெளியீட்டுக்கு அனுப்புங்கள். அந்த வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து நேராக ஓர் உள்ளீட்டில் செருகுங்கள். இரண்டாவது டிராக்கில் அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்து, மானிட்டரை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மானிட்டரை அணைக்க மறந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதிப்பது காதுக்கு நல்லது.

பதிவானதையும் மூலத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, சாம்பிள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கினால் உங்கள் டிரைவர் யோக்கியமானது. 70 சாம்பிள் பிந்தியிருந்தால், 44,100-ல் அது 1.6 மில்லிநொடி, பொருட்படுத்தத் தேவையில்லை என்றாலும் சரிசெய்ய அரை நிமிடம்தான் ஆகும். 600 சாம்பிள் என்றால் 13.6 மில்லிநொடி, நிச்சயம் காதில் படும். மென்பொருளின் ஆடியோ அமைப்புகளில் பதிவு ஈடு, ரெக்கார்டிங் டிலே என்பதுபோன்ற ஒரு பெயரில் இந்த எண்ணைப் போட ஓர் இடம் இருக்கும். கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எண்ணைப் போட்டபின் அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். வித்தியாசம் இரட்டிப்பானால் குறியை மாற்றுங்கள். பிறகு பஃபரை மாற்றிவிட்டும் ஒரு முறை பாருங்கள். விடுபட்ட அளவு மாறாமல் இருந்தால் இனி அந்த இன்டர்ஃபேஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஏபிள்டன் லைவ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்கின் மானிட்டர் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் கேட்டதை, அதாவது தாமதத்தையும் சேர்த்தே, பதிவு செய்வது அதன் இயல்பு. மானிட்டரை ஆஃப் செய்தால் ஈடுகட்டிப் பதிவு செய்யும். இந்த ஒரு விஷயம் தெரியாததாலேயே நல்ல இன்டர்ஃபேஸைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

மிடி வழியே வாசிக்க வைக்கும்போது

மூன்றாவது புகார்தான் சிக்கலானது, சுவாரசியமானதும் அதுதான். இங்கே நேரம் பல இடங்களில் கசிகிறது: மென்பொருள் நோட்டை எப்போது அனுப்புகிறது, மிடி இன்டர்ஃபேஸ் அதை எப்போது கேபிளில் ஏற்றுகிறது, கேபிளில் போக எவ்வளவு நேரம், வந்ததைப் படித்து ஒலியாக்க சிந்தின் செயலிக்கு எவ்வளவு நேரம். அதன்பிறகுதான் ஒலி இன்டர்ஃபேஸுக்குள் நுழைகிறது.

1983 ஜனவரியில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். மிடி பொதுமேடைக்கு வந்தது அங்கேதான். அன்று வைத்த வேகத்தில்தான் ஐந்து முனைக் கேபிள் இன்றும் ஓடுகிறது: நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு, தொடக்க நிறுத்தக் குறிகளையும் சேர்த்து, 10 பிட், ஆக 0.32 மில்லிநொடி. ஒரு நோட்டைச் சொல்ல மூன்று பைட், ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. தனி நோட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆறு நோட் கொண்ட கார்டு என்றால், முதல் நோட்டுக்கும் கடைசி நோட்டுக்கும் நடுவே 5 மில்லிநொடி விழும். திரும்பத் திரும்ப வரும் முதல் பைட்டை விட்டுவிடும் ரன்னிங் ஸ்டேட்டஸ் என்ற சுருக்கம் இருந்தால் 3-க்குச் சற்று மேல்.

இப்போது ஒரே கேபிளில் டிரம் மெஷின், பேஸ், பேட் மூன்றும் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளத்தில் எல்லாமே சேர்ந்து விழும். அதே நேரம் ஃபில்டரைத் திறக்கும் ஆட்டோமேஷன் நூற்றுக்கணக்கில் செய்திகளைக் கொட்டுகிறது. போதாக்குறைக்குப் புரோகிராம் மாற்றும் கட்டளையும் அந்தத் தாளக்கோட்டிலேயே இருக்கிறது. எல்லாம் ஒற்றை வரிசையில் நின்றுதான் போயாக வேண்டும். கடைசியில் நிற்பது கிக் டிரம்மாக இருந்தால் பாட்டே தள்ளாடும். தீர்வு எளிது: முடிந்தால் ஒவ்வொரு சிந்துக்கும் தனி மிடி போர்ட், முடியாவிட்டால் புரோகிராம் மாற்றத்தை ஒரு தாளம் முன்னதாகத் தள்ளுங்கள், ஆட்டோமேஷனை மெலிதாக்குங்கள், மெதுவாக எழும் பேடைச் சில டிக் (மென்பொருளின் மிகச்சிறு கால அளவு) பின்னுக்கு நகர்த்தி டிரம்மை முதலில் போகவிடுங்கள்.

யூஎஸ்பி வழி மிடியில் கேபிள் வேகம் பிரச்சினை இல்லை. ஆனால் யூஎஸ்பி தன் சாதனங்களை முறைவைத்து விசாரிக்கும்; அந்த முறை வரும்வரை செய்தி காத்திருக்கும். கணினி வேறு வேலையில் மூழ்கியிருந்தால் காத்திருப்பு கூடும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில். மலிவான ஹப்பில் மிடி, ஆடியோ, வெளி டிஸ்க் மூன்றையும் செருகி வைத்துவிட்டு ஜிட்டரைத் தேடுவதில் பயனில்லை. மிடியை முதலில் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பைப் பதிவு நேரத்தில் அணைத்து வையுங்கள். விண்டோஸில் எந்த டிரைவர் நேரத்தை விழுங்குகிறது என்று காட்ட லேட்டன்சிமான் என்ற கருவி இருக்கிறது; வைஃபை டிரைவர் அடிக்கடி அதில் மாட்டும்.

இதையும் அளந்தே பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தாளம் என்ற வேகத்தில் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு நோட் என்று 16 நோட் போட்டு, சிந்துக்கு அனுப்பி, ஒலியைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வந்தது என்று எழுதுங்கள். 10, 10, 9, 10, 11 என்று வந்தால் நல்ல செய்தி. 6, 14, 8, 17, 5 என்று வந்தால் ஜிட்டர். இரண்டின் சராசரியும் 10-தான் என்பதைக் கவனியுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அளக்கும்போது சிந்தில் எந்த ஒலியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். அட்டாக், அதாவது ஒலி முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரம், 30 மில்லிநொடி வைத்த பேட் ஒலி, தாமதமே இல்லாவிட்டாலும் பிந்தித்தான் தெரியும். பலருடைய லேட்டன்சி வேட்டை, கடைசியில் என்வலப்பின் அட்டாக் திருகில் போய் முடிவது இப்படித்தான். அட்டாக்கைப் பூஜ்யத்தில் வைத்து, ஃபில்டரை முழுதாகத் திறந்து, எஃபெக்டுகளை அணைத்துவிட்டு அளவெடுங்கள். இன்னொரு பொறியும் உண்டு. அனலாக் சிந்துகளில் ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கீயை அழுத்தும் கணத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் ஒலி தொடங்கும். 41 ஹெர்ட்ஸ் பேஸ் நோட்டில் ஒரு முழு அலைக்கு 24 மில்லிநொடி. ஆகவே திரையில் ஒவ்வொரு நோட்டின் தொடக்கமும் பல மில்லிநொடி முன்பின்னாகத் தெரியும், மிடி கச்சிதமாக வேலை செய்தாலும்கூட. உயர்ந்த நோட்டிலோ, நாய்ஸ் ஜெனரேட்டரை வைத்தோ அளந்தால் இந்த மயக்கம் வராது. பழைய சிந்துகளில் செயலி மெதுவானது. அதனாலும் சில மில்லிநொடி அலைச்சல் இருக்கும். அதை அந்தக் கருவியின் குணம் என்று ஏற்றுக்கொண்டு, பதிவானபின் முக்கியமான இடங்களை மட்டும் கையால் சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

மாறாத தாமதத்துக்கு மென்பொருளிலேயே இடம் இருக்கிறது. க்யூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ் மூன்றிலும் வெளி வாத்தியத்துக்கென்று தனி வசதி உண்டு, ரீப்பரில் ரியாஇன்சர்ட். மிடி அனுப்புவது, ஒலி வாங்குவது, தாமதத்தை ஈடுகட்டுவது எல்லாம் ஒரே இடத்தில். சிலவற்றில் இருக்கும் பிங் பொத்தான் ஒலிப் பாதையை மட்டுமே அளக்கும். மிடியும் சிந்தின் செயலியும் எடுக்கும் நேரம் அதில் சேராது. அதை மேலே சொன்ன சோதனையிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

சில சமயம் சிந்த் பிந்துவதற்குப் பதிலாக முந்திக்கொண்டு வரும். அப்போது சந்தேகப்பட வேண்டியது மாஸ்டர் டிராக்கை. முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற பிளக்கின்கள் ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். மென்பொருள் மற்ற டிராக்குகளையும் அதற்கேற்பத் தாமதப்படுத்தி ஒன்று சேர்க்கும். வெளியே போகும் மிடிக்கு அந்த ஈடு சரியாகப் போய்ச் சேராத அமைப்புகளில், டிரம்ஸ் பின்தங்க சிந்த் முன்னால் ஓடும். பதிவு முடியும்வரை அப்படிப்பட்ட பிளக்கின்களை அணைத்து வையுங்கள். பைபாஸ் மட்டும் செய்தால் சில மென்பொருள்களில் தாமதம் போகாது. முழுதாக நீக்கியோ முடக்கியோ பாருங்கள்.

ஒரு கீக்கு இரண்டு நோட்

தாமதம் என்று தோன்றி, தாமதமே அல்லாத ஒன்று இது. சிந்தின் கீயை அழுத்தினால் அது தானும் ஒலிக்கும், மிடியாகக் கணினிக்கும் சொல்லும். கணினி அந்தச் செய்தியை அதே சிந்துக்குத் திருப்பி அனுப்பினால், சில மில்லிநொடி கழித்து அதே நோட் இன்னொரு முறை ஒலிக்கும். ஒலி இரட்டித்து, சுழல்வதுபோல் கேட்கும். எட்டு குரல் சிந்த் நான்கு குரலுக்கே திணறும். சிந்தின் அமைப்பில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்தால் தீர்ந்தது. மிடியில் அது 122-ஆம் கன்ட்ரோலர். நேரடியாக வாசித்து ஒலியை மட்டும் பதிவு செய்கிறீர்கள் என்றால், லோக்கலை ஆன் செய்துவிட்டு மென்பொருளில் மிடி திரும்பிப் போவதை நிறுத்தினாலும் போதும்.

க்ளாக்: ஆர்பெஜியேட்டரும் சீக்வென்சரும்

பிடித்த கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும், சிந்துக்குள் இருக்கும் ஆர்பெஜியேட்டர், டெம்போவோடு ஓடும் டிலே, டிரம் மெஷினின் பேட்டர்ன் ஆகியவை நோட்டை எதிர்பார்ப்பதில்லை. மிடி க்ளாக்கை எதிர்பார்க்கின்றன. கால் நோட்டுக்கு 24 துடிப்பு. 120 வேகத்தில் துடிப்புக்குத் துடிப்பு 20.8 மில்லிநொடி. அந்த இடைவெளியை அளந்துதான் சிந்த் வேகத்தைப் புரிந்துகொள்கிறது. துடிப்பு 2 மில்லிநொடி முன்பின் வந்தால் சில சிந்துகள் அதைச் சமன்செய்து ஓடும், சில அப்படியே நொண்டும்.

தொடக்கத்தில்தான் பெரும்பாலும் இடறும். ஸ்டார்ட் செய்தி வந்த கணத்தில் சிந்துக்கு வேகம் இன்னும் பிடிபட்டிருக்காது. புராஜெக்டின் முதல் பாரில் எதையும் வைக்காமல் இரண்டு பார் ஓடவிட்டு, மூன்றாவதிலிருந்து பதிவு செய்தால் பாதித் தொல்லை போய்விடும். மிச்சம் இருக்கும் நிலையான இடைவெளிக்கு மென்பொருளில் க்ளாக் ஈடு என்றொரு எண் இருக்கும். லூப்பில் ஓடவிட்டு, கிளிக்கோடு சிந்தின் தாளம் ஒட்டும்வரை அதைத் திருகுங்கள். லூப் திரும்பும் இடத்தில் தடுமாறும் சிந்துகளும் உண்டு. அவற்றுக்கு லூப் வேண்டாம், நீளமாக ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

க்ளாக்கின் ஜிட்டர் உண்மையிலேயே காதை உறுத்தினால் வேறு வழிக்குப் போக வேண்டும். ஈ-ஆர்எம் மல்டிக்ளாக், எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் யுசாமோ போன்ற கருவிகள், மென்பொருளிலிருந்து ஆடியோ டிராக்காக வரும் துடிப்பை வாங்கி மிடியாக மாற்றித் தருகின்றன. ஆடியோ சாம்பிள் பிசகாமல் போவதால், மிடியில் வரும் அலைச்சல் இதில் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. நான்கைந்து டிரம் மெஷின்களை ஒன்றாக ஓட்டுகிறவர்களுக்கு இது தகும். ஒரே ஒரு ஆர்பெஜியேட்டருக்காக இதை வாங்க வேண்டியதில்லை. அதன் நோட்டுகளை மென்பொருளில் மிடியாக எழுதி அனுப்பினாலே போதும். அல்லது சிந்தை அதன் சொந்த வேகத்தில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பார் பாராக வெட்டி ஒட்டலாம். பல சிந்துகளின் உள் க்ளாக், வெளியிலிருந்து நாம் அனுப்பும் எதையும்விடச் சீராக ஓடும்.

போகப்போக விலகினால்

தொடக்கத்தில் ஒட்டியிருந்து, மூன்றாவது நிமிடத்தில் தெளிவாகப் பிரிந்து கேட்டால் அது லேட்டன்சியே அல்ல. இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கின்றன. சிந்த் உள் க்ளாக்கில் 120 என்றும் மென்பொருளில் 120 என்றும் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே 120 அல்ல. யூஎஸ்பி வழியே தானே ஆடியோ அனுப்பும் சிந்தையும் தனி இன்டர்ஃபேஸையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதும் இது நடக்கும். ஒன்றை மற்றதன் க்ளாக்கைப் பின்பற்ற வையுங்கள், மேக்கில் இரண்டையும் சேர்த்து உருவாக்கும் சாதனத்தில் டிரிஃப்ட் திருத்தத்தை இயக்குங்கள். இல்லாவிட்டால் சிந்தை அனலாக் கேபிளிலேயே எடுத்துவிடுங்கள். விலகலோடு சுருதியும் ஏறியிருந்தால் சாம்பிள் ரேட் குழம்பியிருக்கிறது: 44,100-ல் பதிவானதை 48,000 என்று எண்ணிக்கொண்டு ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும்.

இத்தனையையும் ஒவ்வொரு பாட்டுக்கும் செய்யத் தேவையில்லை. லூப்பேக் கிளிக்கையும் 16 நோட் சோதனையையும் ஒரே புராஜெக்டில் வைத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்களை, எந்த இன்டர்ஃபேஸ், எந்த சாம்பிள் ரேட், எந்த சிந்த் என்பதோடு சேர்த்து, அந்தப் புராஜெக்டின் குறிப்புப் பகுதியிலேயே எழுதுங்கள். டிரைவரோ இயங்குதளமோ புதுப்பிக்கப்பட்டால், புதிய கருவி எதையாவது செருகினால், முதலில் அந்த டெம்ப்ளேட்டைத் திறந்து ஒரு முறை ஓட்டுங்கள். எண் பழையதோடு 2 மில்லிநொடிக்குள் ஒத்துப்போனால் மூடிவிட்டு வாசிக்கப் போகலாம்.